அப்பா குடிக்கவே மாட்டாரே, லிவர்ல எப்படி கேன்சர்?

"அப்பா ஒரு சொட்டு கூட குடிச்சதில்ல மேடம், அப்புறம் எப்படி லிவர்ல கேன்சர்?" வியாசர்பாடியிலேர்ந்து வந்த ஒரு பையன் கேட்டது (ஊரையும் சில விவரத்தையும் மாத்தித்தான் எழுதறேன்). நான் பேத்தாலஜிஸ்ட், அதாவது உடம்பு துண்ட மைக்ராஸ்கோப்ல பாத்து என்ன நோய்னு சொல்ற டாக்டர், எங்களுக்கு பேஷன்ட்ட நேர்ல பாக்கறதே அபூர்வம், ஆனா ரிப்போர்ட் புரியலன்னு லேப் படியேறி வர்றவங்கள திருப்பி அனுப்ப மனசு வராது. கையில கட்டைப்பை, அதுல அல்ட்ராசவுண்ட், சி.டி, பெட் சி.டி (சக்கரைய அதிகமா இழுக்கற எடம் பளபளன்னு தெரியற ஸ்கேன்), ரெண்டு தடவ எடுத்த ட்யூமர் மார்க்கர் (கேன்சர் இருந்தா ஏறக்கூடிய பொருட்கள்) ரத்த டெஸ்ட்டு, எல்லாம் இருந்துச்சு. உருப்படியான பயாப்ஸி, அதாவது கட்டியிலேர்ந்து சின்ன துண்டு எடுத்து பாக்கற டெஸ்ட்டு மட்டும் இல்ல.

லிவர்ல கட்டி தெரிஞ்சா அது லிவர்லதான் ஆரம்பிச்சுதுன்னு அர்த்தம் இல்லங்க. குடல், நுரையீரல், கணையம், மார்புன்னு எங்கயோ ஆரம்பிச்சு ரத்தத்தோட போய் அங்க உக்காந்திருக்கலாம். குடல்லேர்ந்து போனதுன்னா லிவர்ல இருந்தாலும் அது குடல் கேன்சர்தான், குடுக்கற கீமோவும் அதுக்கானதுதான். அதனாலதான் ஆரம்பிச்ச எடத்த தேடறோம்.

இந்த அப்பாவுக்கு முதல்ல ஒரு எடத்துல பயாப்ஸி எடுத்திருக்காங்க. எடுத்த துண்ட ஃபார்மலின்ல (செல் கெடாம காக்கற திரவம்) போடாம சலைன்ல (உப்புத் தண்ணி) போட்டு, பொங்கல் லீவுன்னு நாலு நாள் ஃபிரிட்ஜ்லயே வெச்சுட்டாங்க. என்கிட்ட வந்தப்போ செல் எல்லாம் கரைஞ்சு போயிருந்துச்சு, ஒண்ணும் சொல்ல முடியல. லிவர் பயாப்ஸி துண்டுன்னா சேமியா மாதிரி, 1 மில்லிமீட்டர் கூட தடிமன் இருக்காது, அதுக்காக ஒரு மனுஷன் ஊசி குத்து வாங்கியிருக்காரு. 10 சதவீத ஃபார்மலின், துண்டு நல்லா முங்கற அளவுக்கு, அவ்வளவுதான் வேணும். இத எழுதும்போதும் எனக்கு கோவம் வருது.

மறுபடி எடுக்கணும்னதும் வீட்ல பெரிய சண்டை, "ஊசி போட்டா பரவிடும்"னு சித்தப்பா ஒருத்தர் ஒத்துக்கவே இல்லையாம். அப்படி பரவறது அபூர்வம், என்ன கேன்சர்னு தெரியாம கீமோ குடுக்கறதுதான் ஆபத்து.

ரெண்டாவது துண்டு நல்லா வந்துச்சு. இப்போ ஐ.ஹெச்.சி, அதாவது எந்த உறுப்போட செல்னு கண்டுபுடிக்க கலர் போட்டு பாக்கற டெஸ்ட்டு. ஒவ்வொரு உறுப்போட செல்லும் தனக்குன்னு சில புரதங்கள வெச்சிருக்கும், அதோட போய் ஒட்டற ஆன்டிபாடிய ஸ்லைடுல போட்டா, இருக்கற எடம் பிரவுன் கலரா மாறும். டி.டி.எஃப்-1ங்கற புரதம் வந்தா நுரையீரல் இல்ல தைராய்டு பக்கம் தேடுவோம், கேட்டா-3 வந்தா மார்பு இல்ல சிறுநீர்ப்பை. சி.டி-45 (இதுவும் புரதம்தான், சி.டி ஸ்கேன் இல்ல) வந்தா லிம்ஃபோமா, அதாவது நெறில வர்ற ரத்த செல் கேன்சர், அது உடம்பு முழுக்க இருந்தாலும் குணமாக வாய்ப்பு இருக்கற வகைங்கறதால எனக்கே ஒரு நிம்மதி. இவருக்கு சி.கே-7 நெகட்டிவ், சி.கே-20யும் சி.டி.எக்ஸ்-2வும் நல்ல பிரவுன். குடல்.

அப்புறம் கொலோனோஸ்கோபி (கேமரா குழாய் விட்டு பெருங்குடல பாக்கறது) பண்ணாங்க, வலது பக்க பெருங்குடல்ல கட்டி. பெட் சி.டில ஏன் தெரியலன்னு பையன் கேட்டான். அப்பா சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறவரு, அந்த மாத்திரையால குடல் முழுக்கவே ஸ்கேன்ல பளபளன்னு எரியும், அதுக்குள்ள கட்டி ஒளிஞ்சிடுச்சு. பின்னாடி பாத்தா 6 மாசமா ஹீமோகுளோபின் 8தான், ரொம்ப கம்மி, யாரும் ஏன்னு கேக்காம இரும்பு மாத்திரையே குடுத்திருக்காங்க. வலது பக்க குடல் கேன்சர் பல பேருக்கு இப்படித்தான் சத்தமில்லாம ரத்தத்த குறைக்கும்.

மார்க்கர் டெஸ்ட்டு பேக்கேஜ்ல காசு போடறவங்களுக்கு ஒண்ணு. சி.ஏ-125ங்கற மார்க்கர் வயித்து டி.பி.லயும் ஏறும், பீரியட்ஸ் டைம்லயும் ஏறும், சி.ஏ 19-9 மஞ்சக்காமாலைலயும் ஏறும், சி.இ.ஏ சிகரெட் புடிக்கறவங்களுக்கே கொஞ்சம் கூட இருக்கும். இத வெச்சு மட்டும் ஆரம்பிச்ச எடத்த சொல்ல முடியாது. அதே மாதிரி கழுத்துல நெறி கட்டினா துண்டு எடுக்காமலே டி.பி. மாத்திரை ஆரம்பிக்கறதும் நம்ம ஊர்ல சகஜம், ரெண்டு மூணு மாசம் போயிடும்.

பழைய கதைய மறைக்காம சொல்லுங்க. ஒரு அம்மாவுக்கு தொடையிடுக்குல நெறிகட்டி, எதுவும் புடிபடல, போன் போட்டு துருவி துருவி கேட்டப்புறம்தான் 3 வருஷம் முன்னாடி உள்ளங்கால்ல கருப்பா இருந்தத ஆணின்னு வெட்டி எடுத்தது வெளிய வந்துச்சு, வெட்டினத டெஸ்ட்டுக்கே அனுப்பல. மெலனோமா, தோல்ல நிறம் குடுக்கற செல்லுல வர்ற கேன்சர். ரெக்வெஸ்ட் ஃபார்ம்ல ஒரு வரி இருந்திருந்தா நாலு ஸ்டெய்ன் (ஐ.ஹெச்.சி மாதிரி கலர் டெஸ்ட்டு) மிச்சம்.

எல்லாம் பண்ணியும் ஆரம்பம் தெரியாமலே போறவங்களும் உண்டு, மொத்த கேன்சர்ல 2லேர்ந்து 5 சதவீதம் வரைக்கும். ஆரம்பிச்ச எடத்த கணிக்க ஜீன் டெஸ்ட்டு இருக்கு, செலவு ஜாஸ்தி, அத நம்பி குடுத்த மருந்து ஆயுள கூட்டுச்சாங்கறதுல ஆராய்ச்சி முடிவுகள் ஒரே மாதிரி இல்ல. உங்க ஆன்காலஜிஸ்ட் கேட்டா பண்ணுங்க, விளம்பரம் பாத்து வேணாம்.

அந்த வியாசர்பாடி பையன் போன வாரம் அப்பாவோட பிளாக் (பயாப்ஸி துண்ட மெழுகுல பதிச்சு வெச்சது) கேட்டு வந்தான், வேற ஆஸ்பத்திரில இன்னொரு ஒபினியனுக்கு. தாராளமா வாங்கிக்கலாம், ஒரு லெட்டர் குடுத்தா போதும். மெழுகு பிளாக்க கவர்ல போட்டு குடுத்தேன், வாங்கி நேரா பைக் டேங்க் கவருக்குள்ள வெக்கப் போனான். "தம்பி, வெளிய வெயில பாத்தியா, உருகிடும், சட்டைப்பைல வெச்சுக்க"ன்னேன்.