மருந்து ஆய்வுக்கு ஆள் வேண்டும்

"ஏம்மா, என்னை வச்சுச் சோதிச்சுப் பாக்கப் போறீங்களா?"

செந்தூலிலிருந்து வந்த பெரியவர் சம்மதப் படிவத்தைத் தொடாமலே கேட்டார். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி பற்றிய மருந்து ஆய்வு அது. கோலாலம்பூரில் மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. படிவத்தில் இருந்த தமிழ் எனக்கே இரண்டு முறை படித்தால்தான் புரிந்தது. அதை மூடிவைத்துவிட்டுப் பேச்சிலேயே சொன்னேன்: என்ன மருந்து, எத்தனை தடவை இரத்தம் எடுப்போம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது. முக்கால் மணி நேரம் ஆனது. மகளிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதுதான் சரி. உங்கள் வீட்டில் யாரையாவது ஆய்வுக்குக் கூப்பிட்டால் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம்.

1948இல் இதே ஊரின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஓர் அமெரிக்கக் குழு வந்து, ஸ்க்ரப் டைஃபஸ் (சிறு உண்ணிகள் கடித்து வரும் காய்ச்சல்) நோயாளிகளுக்குக் குளோரம்ஃபெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. அந்த நோய் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் டைஃபாய்டு கண்டவர்களும் இருந்தார்கள். அவர்களும் தேறினார்கள். டைஃபாய்டைக் குணப்படுத்த வழி பிறந்தது இப்படித்தான். ஆனால் மருந்தும் திட்டமும் வெளியிலிருந்து வந்தவை.

ஹெபடைடிஸ் சி மருந்தான ராவிடாஸ்விரின் கதை வேறு. அதே நோய்க்கான சோஃபோஸ்புவிர் மாத்திரை ஒன்று அமெரிக்காவில் 1000 டாலருக்கு விற்ற காலம். மலேசிய அரசு 2017இல் அரசுப் பயன்பாட்டு உரிமம் (காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே மருந்தைப் பயன்படுத்தும் அனுமதி) வழங்கி, மலிவான சோஃபோஸ்புவிருக்கு வழி திறந்தது. அதற்கு முன்பே, 2016இல், அதோடு ராவிடாஸ்விரைச் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வு தொடங்கியிருந்தது. நம் சுகாதார அமைச்சு, இலாப நோக்கமின்றி மருந்து உருவாக்கும் டிஎன்டிஐ அமைப்பு, எகிப்தின் ஃபார்கோ மருந்து நிறுவனம் ஆகியவை கைகோத்தன. மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 பேர் சேர்ந்தார்கள். சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்துப் பார்த்தபோது 97 விழுக்காட்டினர் குணமாகியிருந்தார்கள். 2021 ஜூனில் மருந்து இங்கே பதிவானது.

அந்த 301 பேரிடமும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பேசியிருக்கிறார். எடுத்த இரத்தத்தைக் குறித்த நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்து, குழாயில் எண் ஒட்டி, ஃப்ரீசரில் வைத்திருக்கிறார். ஆய்வுத் திறன் என்றால் எல்லாரும் கட்டடத்தையும் கருவியையும் பேசுகிறார்கள். இந்தக் கைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நான் பழக்கிய இரண்டு பெண்கள், கைதேர்ந்தவர்கள். ஆய்வு நிதி முடிந்த மாதமே அவர்கள் ஒப்பந்தமும் முடிந்தது. ஒருத்தி இப்போது இன்சூரன்ஸ் வேலையில் இருக்கிறாள். அடுத்த ஆய்வு வந்தபோது மறுபடி புது ஆட்கள், ஜிசிபி (மருந்து ஆய்வை முறையாக நடத்தும் நெறிமுறை) பயிற்சியிலிருந்து எல்லாம் முதலிலிருந்து. ஓர் ஆய்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் இவர்களைச் சம்பளத்தோடு வைத்துக்கொள்ள நிதி ஒதுக்க வேண்டும். புதுக் கருவி வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

பெரியவர் மறு வாரம் வந்தார். படிவத்தின் பின்பக்கம் மகள் கையெழுத்தில் நான்கு கேள்விகள். மூன்றாவது: "இரத்தத்தை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள், எந்த நாட்டுக்கு அனுப்புவீர்கள்?" ஆய்வுத் திட்டத்தை எடுத்துப் பக்கம் தேடி அவருக்கு வாசித்துக் காட்டினேன். அதன் பிறகுதான் பேனா கேட்டார்.