கத்துவதை நிறுத்திய பன்றி

கையைத் தூக்க நினைக்கிறோம், கை எழுகிறது. இடையில் என்னதான் நடக்கிறது? எல்லாம் இதயத்தின் வேலை என்றார் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் அரிஸ்டாட்டில். ஆசை பிறப்பது அங்கேதான். அங்குள்ள ‘நியூமா’ என்ற உயிர்க்காற்று விரிந்து சுருங்குவதால்தான் உறுப்புகள் அசைகின்றன என்பது அவர் கணக்கு. மூளைக்கு அவர் ஒதுக்கிய வேலை, உடம்புச் சூட்டைத் தணிப்பது.

அடுத்த நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் மனித உடல்களையே அறுத்துப் பார்த்தார்கள். நரம்புகள் மூளையோடும் தண்டுவடத்தோடும் இணைந்திருப்பதை ஹீரோஃபிலஸ் என்ற மருத்துவர் கண்டார். இன்னொரு மருத்துவரான எராசிஸ்ட்ராட்டஸ் தசையைக் கவனித்தார். நரம்பு வழியே நியூமா வந்து நிரம்ப, தசை பலூன் போல அகலத்தில் உப்பி நீளத்தில் குறுகுகிறதாம். முழங்கையை மடக்கிப் புஜம் புடைப்பதைப் பார்த்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனாலும் இதயக் கட்சி ஓயவில்லை. பேச்சு மார்பிலிருந்து வருகிறது, பேச்சு என்பது சிந்தனையின் வெளிப்பாடு, ஆகவே சிந்தனையும் மார்பில்தான் என்று ஸ்டோயிக் என்ற கிரேக்கப் பள்ளியின் தத்துவவாதிகள் வாதாடினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதற்குக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோம் நகரில் பதில் சொன்னவர் மருத்துவர் கேலன். சொந்த ஊரான பெர்கமோனில் கிளாடியேட்டர்கள் எனப்படும் அரங்கச் சண்டை வீரர்களின் காயங்களுக்கு வைத்தியம் பார்த்துத் தேர்ந்த கை அவருடையது.

கத்துகிற பன்றியைக் கட்டிப்போட்டு, கழுத்தை அறுத்துத் திறப்பார். மூச்சுக்குழலை ஒட்டி இருபுறமும் முடிபோல மெல்லிய நரம்புகள் ஓடும். மூளையிலிருந்து மார்புக்குள் இறங்கி, திரும்பவும் மேலேறிக் குரல்வளைக்கு வருபவை அவை. அவற்றை நூலால் இறுக்கியதும் கத்தல் நின்றுவிடும். பன்றி துள்ளும், மூச்சு விடும், குரல் மட்டும் வராது. நூலை அவிழ்த்தால் மறுபடி கத்தும். குரல் மார்பு வழியாக வந்தாலும் அதை ஆள்வது மூளை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் ஒருமுறை, ஆரம்பிக்கும் முன்பே அலெக்சாந்தர் என்ற தத்துவவாதி குறுக்கிட்டு, “புலன்கள் காட்டுவதை நம்பலாம் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமா?” என்றாராம். கேலன் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கென்னவோ கேலன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

தண்டுவடத்தை வெவ்வேறு உயரங்களில் வெட்டியும் அவர் காட்டினார். வெட்டுக்குக் கீழே அசைவு போய்விடும். ஆனால் நரம்புக்குள் ஓடுவது எது என்பதில் அவரும் நியூமாவைத் தாண்டவில்லை. பாரசீக மருத்துவர் இப்னு சீனா (980–1037) அசைவைத் தூண்டும் சக்தி, அதை நரம்பு தசை வழியே நிறைவேற்றும் சக்தி என இரண்டாகப் பிரித்தார். அடித்தளம் என்னவோ கேலனுடையதுதான்.

ஊதும் தசைக் கதைக்கு முடிவு வந்தது 1660களில். நெதர்லாந்தின் ஸ்வாம்மர்டாம், தவளைத் தசையை ஒரு கண்ணாடிக் குழலில் அடைத்தார். குழலின் மெல்லிய முனையில் ஒரு துளி நீர். தசைக்குள் ஏதாவது வந்து நிரம்பினால் துளி மேலே ஏறியாக வேண்டும். நரம்பைச் சீண்டினார். தசை சுருங்கியது, துளி ஏறவில்லை.