மறுசுழற்சி: சொல் விளக்கம்

மறுசுழற்சி (பெயர்ச்சொல்): வகை பிரித்த கழிவைப் புதிய பொருளாகவோ, புதிய பொருள் செய்ய உதவும் மூலப்பொருளாகவோ மாற்றுவது. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் தரும் வரையறையும் ஏறத்தாழ இதுதான். 'வகை பிரித்த' என்ற அடைமொழியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது போனால் வரையறையே போயிற்று.

மூலச்சொல் ஆங்கில 'ரீசைக்கிள்'. 'ரீ' லத்தீன் முன்னொட்டு. 'சைக்கிள்' சக்கரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. குப்பைக்கும் இதற்கும் தொடக்கத்தில் தொடர்பே இல்லை. 1920-களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பில், ஒருமுறை உலைக்குள் போய் முழுதாகப் பிரியாமல் வந்த எண்ணெயை அதே உலைக்குத் திருப்பி அனுப்புவதை இப்படிச் சொன்னார்கள். சுத்திகரிப்பு ஆலைகளில் இன்றும் அந்தப் பழைய பொருள் புழக்கத்தில் உண்டு. மணலி ஆலையின் குழாய்களைப் பார்த்து வளர்ந்த வடசென்னைக்காரருக்கு இது அக்கம்பக்கத்துச் சொல். கழிவுக்கு இச்சொல் பரவலானது 1960-களுக்குப் பிறகு. மூன்று அம்புகள் துரத்தும் முக்கோணச் சின்னத்தை 1970-இல் வரைந்தவர் கேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மாணவர். அதுவும் காகிதத்துக்காக வரைந்தது.

காயலான் கடைப் பேச்சில் 'மறுசுழற்சி' அதிகம் காதில் விழாது. பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), எச்.டி (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்), எல்.டி (அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன்), பி.பி (பாலிபுரொப்பிலீன்), பால் கவர் என்று சரக்கின் பெயர்தான் அங்கே பேச்சு. அகராதியைவிட அந்தப் பேச்சு துல்லியமானது, ஏனென்றால் ஒரு வகை இன்னொன்றோடு கலந்தால் விலை விழும். பெட் பாட்டில் ஒன்றையே பாருங்கள். பாட்டில் ஒரு பிளாஸ்டிக், மூடி எச்.டி அல்லது பி.பி, மேலே ஒட்டிய லேபிள் மூன்றாவது. பாட்டிலை அரைத்த செதிலைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் பெட் அடியில் தங்கும், தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் அதன் அடர்த்தி 1.38. மூடித் துண்டுகளின் அடர்த்தி 0.90 முதல் 0.97 வரை என்பதால் மிதக்கும், வழித்து எடுத்துவிடலாம்.

தொல்லை கொடுப்பது பி.வி.சி-யால் ஆன, சூட்டில் சுருங்கிப் பாட்டிலை இறுக்கும் சுருங்கு லேபிள். அதன் அடர்த்தியும் 1.3-ஐத் தாண்டுவதால் பெட்டோடு சேர்ந்து மூழ்கிவிடும், தொட்டியால் பிரிக்க முடியாது. பெட் உருக 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். பி.வி.சி அதற்கு வெகு முன்பே சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியைக் கக்கும். அந்த ஆவி பெட்டின் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்க, சரக்கு மஞ்சளடித்துக் கரும்புள்ளி விழும். ஆகவே அந்த லேபிளை அரைப்பதற்கு முன்பே கீறி உரித்துவிட வேண்டும். ஒட்டுப் பசை போக 80 டிகிரி வெந்நீரில் சுமார் 2 விழுக்காடு காஸ்டிக் சோடா கலந்து கழுவுவார்கள்.

அடுத்தது உலர்த்தல், சரக்கு அதிகம் கெடும் இடம். உருக்கும் நேரத்தில் பெட்டில் ஈரம் 0.005 விழுக்காட்டுக்கும் கீழே இருக்க வேண்டும். அதற்கு 160 முதல் 170 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். கையில் காய்ந்தாற்போல் தெரியும் செதிலில்கூட இதைப் போலப் பல மடங்கு ஈரம் இருக்கும். உலர்த்திய செதிலை எண்ணூர்க் கடற்காற்றில் திறந்து வைத்தால் ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அப்படியே உருக்கினால் நீர் சங்கிலியை உடைத்து, உருகிய சரக்கை இழையாக இழுக்கும்போது அறுந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பெட் பாட்டில் பெரும்பாலும் பாட்டிலாகத் திரும்புவதில்லை, பாலியெஸ்டர் இழையாகிறது. குடம், பக்கெட் கதை வேறு: பல நிறங்கள் கலந்து உருகிய குருணையில் (பிளாஸ்டிக் மணிகளில்) நல்ல நிறம் எடுக்க முடியாது, கருமை சேர்த்துக் கருப்பாக்கிவிடுவார்கள். பி.பி-யில் ஒவ்வொரு உருக்கலும் சங்கிலியைக் குட்டையாக்குவதால் புதுச் சரக்கும் கலக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் உள்ள சக்கரம் இங்கே முழு வட்டம் அடிப்பதில்லை.

தமிழ்ச் சொல் இந்த இடத்தில் மேல். 'சுழல்' என்ற வினையிலிருந்து சுழற்சி. 'மறு' என்பதற்கு 'மீண்டும்' என்ற பொருளும் உண்டு (மறுநடவு, மறுகூட்டல்), 'வேறு', 'அடுத்த' என்ற பொருளும் உண்டு (மறுகரை, மறுநாள்). பாட்டில் இழையாவது இரண்டாவது பொருளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஈழத்து வழக்கான 'மீள்சுழற்சி'யில் 'மீள்' என்றால் திரும்புதல். பாட்டில் மறுபடி பாட்டிலாகும் இடத்துக்கு அதை ஒதுக்கிக்கொள்ளலாம். உருக்கி அச்சில் ஊற்றும் வேலையை மட்டும் தனியே சொல்ல 'மறுவார்ப்பு' போதும். வார்ப்பு என்ற சொல்லை இரும்புப் பட்டறை ஏற்கெனவே பழக்கிவைத்திருக்கிறது.

'மறுபயன்பாடு' வேறு. பெயின்ட் வாளியைக் கழுவித் துணி அலசத் தண்ணீர் பிடிப்பது மறுபயன்பாடு. அங்கே எதுவும் உருகுவதில்லை.

வடசென்னையின் கொடுங்கையூர்க் குப்பைமேட்டைத் தோண்டிச் சலிக்கும் பயோமைனிங்கையும் செய்திகளில் மறுசுழற்சி என்று எழுதிவிடுகிறார்கள். அது அகழ்ந்து பிரித்தல் மட்டுமே. பிரிந்து வரும் எரியக்கூடிய பங்கு சிமென்ட் சூளைக்கு எரிபொருளாகப் போனால், 2022-ஆம் ஆண்டின் உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்களின்படி அது ஆயுள்முடிவு அகற்றல், மறுசுழற்சி அல்ல. எரித்து மின்சாரம் எடுப்பதும் அதே கணக்கில்தான். கொடுங்கையூரில் திட்டமிட்ட எரியுலையை ஆதரித்து எழுதினாலும் எதிர்த்து எழுதினாலும் இந்தச் சொல்லை அதற்கு இரவல் தரக் கூடாது. சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே போன்ற பலஅடுக்கு உறைகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகின்றன. ஒட்டிய அடுக்குகளைப் பிரிப்பது கட்டுப்படியாகாது.

முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண் 1988-இல் வந்தது. அது பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லும். கடையில் எடுப்பார்கள் என்ற உறுதியைத் தராது. 1 பெட், 2 எச்.டி, 3 பி.வி.சி, 4 எல்.டி, 5 பி.பி, 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை. பாட்டிலின் அடியில் 1, லேபிளின் ஓரத்தில் 3 என்றிருந்தால், லேபிளை உரித்த பிறகே மூட்டையில் போடுங்கள்.