சொல் விளக்கம்: சான்றுசார் மருத்துவம்

ஒரு நோயாளிக்கு என்ன சிகிச்சை என்று முடிவெடுக்கும்போது, கிடைக்கும் ஆய்வு முடிவுகளில் நம்பத்தக்கவற்றை மருத்துவரின் அனுபவத்தோடும் நோயாளியின் விருப்பத்தோடும் சேர்த்துப் பார்ப்பதே சான்றுசார் மருத்துவம். 'எவிடென்ஸ் பேஸ்டு மெடிசின்' என்ற பெயரை 1991-இல் எழுத்தில் கொண்டுவந்தவர் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து கார்டன் கயாட்.

'எவிடென்ஸ்' லத்தீன் வழிச் சொல். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது என்று பொருள். 'சான்று' பிறந்தது 'சால்' என்ற வேரிலிருந்து: நிறைதல், பொருந்துதல். 'ஆதாரபூர்வ மருத்துவம்' என்றும் எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் ஏதோ ஓர் ஆதாரம் இருந்தாலே போதும் என்று அது தொனிக்கிறது. சான்று என்றால் நிறைவாக இருக்க வேண்டும். அதனால் சான்றுசார் என்பதையே நான் எழுதுவேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருத்துவரைப் புகழ 'கைராசிக்காரர்' என்போம். குணமானவர்கள் ஊரெல்லாம் சொல்வார்கள். குணமாகாதவர்கள் வேறு மருத்துவரிடம் போய்விடுவார்கள், கணக்கில் வரமாட்டார்கள். ஆய்வு இரு தரப்பையும் எண்ணுகிறது.

நம் மாநிலத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. காசநோய்க்குச் சானடோரியத்தில், அதாவது நோயாளிகளை நெடுநாள் தங்கவைக்கும் காசநோய் மருத்துவமனையில், ஓய்வும் நல்ல காற்றும் சத்துணவும் வேண்டும் என்று உலகமே நம்பிய காலம். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை நெரிசலான அவரவர் வீட்டிலும் வைத்து இரு தரப்புக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் தேறினார்கள்; உடன் வாழ்ந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959 முதல் வெளியான அந்த முடிவுகள் ஏழை நாடுகளின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றின.

பாளையங்கோட்டையில் ஆங்கில மருத்துவக் கல்லூரியும் உண்டு, சித்த மருத்துவக் கல்லூரியும் உண்டு. சான்று கேட்பது சித்தத்தை இழிவுபடுத்துவது என்று சிலர் வருந்துகிறார்கள். இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதுதான் மரியாதை.

ஆய்வு மட்டும் முடிவெடுப்பதும் இல்லை. மடியில் முறத்தோடு பீடி சுற்றும், தனியாக வாழும் ஓர் ஆச்சிக்குச் சர்க்கரை நோய் என்று வையுங்கள். இலை தீரும்வரை சாப்பாடு தள்ளிப்போகும். சர்க்கரையை மிக இறுக்கிப் பிடித்தால் திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம்; தூக்கிவிட வீட்டில் ஆளில்லை. முதியவர்களுக்கு இலக்கைச் சற்றுத் தளர்த்தலாம் என்றே வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. எவ்வளவு தளர்த்துவது என்பதை, "ஆச்சி, எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?" என்று கேட்ட பிறகே மருத்துவர் எழுத முடியும்.