பரப்புக் கவர் வடிசவ்வு: சொல் விளக்கம்

கழிவுநீரிலிருந்து ஈயம், செம்பு, குரோமியம் போன்றவற்றைப் பிரித்தெடுக்கும் ‘அட்சார்ப்டிவ் மெம்பிரேன்’ என்பதைத் தமிழில் ‘உறிஞ்சும் சவ்வு’ என்று எழுதிவிடுகிறோம். சொல் எளிதுதான்; ஆனால் அது ‘அப்சார்ப்ஷன்’ என்பதற்குரிய தமிழாகும். ஓடையில் இறங்கியவரின் வேட்டி தண்ணீரை இழைக்குள் வாங்கிக்கொள்வது உறிஞ்சல். அவரே கரையேறி நடக்கையில் வேட்டியின் ஓரத்தில் நாயுருவி ஒட்டிக்கொள்கிறதே, அதுதான் அட்சார்ப்ஷன். முன்னதில் பொருள் உள்ளே புகுகிறது. பின்னதில் மேற்பரப்பிலேயே தங்குகிறது.

கரி தன்மேல் வாயுக்களைப் பிடித்துவைப்பதை வேதியியலாளர் கார்ல் ஷீல 1773-இலேயே கண்டிருந்தாலும், இந்நிகழ்வுக்குத் தனிப்பெயர் 1881-இல்தான் கிடைத்தது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசர் அதனை வழக்கிற்குக் கொண்டுவந்தார். இலத்தீனில் ‘சோர்பேரே’ என்றால் உறிஞ்சுதல். ‘அட்’ என்ற முன்னொட்டு ஒன்றை நோக்கி, ஒன்றின்மேல் என்னும் பொருளைத் தருவது. ஆக, மூலச்சொல்லிலேயே உறிஞ்சல் இருக்கத்தான் செய்கிறது. இலங்கைத் தமிழ் அதனைப் பின்பற்றி அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல் என இரண்டையும் அழகாக இணைசேர்த்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களோ ‘பரப்புக் கவர்ச்சி’, ‘பரப்புக் கவர்தல்’ என்று வேறு வழியில் சென்றன. ஆநிரை கவர்தல் என்பதில் உள்ளதுபோலக் கவர்தல் என்பதற்குக் கைப்பற்றுதல் என்று பொருள். கவர்ச்சி என்ற சொல்லைத் திரைப்படச் செய்திகள் தமதாக்கிக்கொண்டுவிட்டதால், வகுப்பறையில் சிரிப்பெழாமல் இருக்கக் ‘கவர்தல்’ என்பதே நலம்.

‘மெம்பிரேன்’ தோலைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சவ்வு என்னும் நம் சொல் அதற்கு முற்றிலும் பொருந்தும். சவ்வூடுபரவல் (ஆஸ்மாசிஸ்) என ஏற்கெனவே அறிவியலில் ஊன்றியும் விட்டது. ‘ஃபில்டர்’ என்பதன் வேர், வடிகட்டப் பயன்பட்ட கம்பளித் துணியின் பெயர். பானையின் வாயில் துணி கட்டுவதை வேடு கட்டுதல் என்னும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. இவற்றை எண்ணியே ‘பரப்புக் கவர் வடிசவ்வு’ என்ற தொடரை இங்கே முன்வைக்கிறேன்.

வடித்தல், கவர்தல் ஆகிய இரண்டும் பெயரில் இடம்பெற வேண்டியதற்குக் காரணம் உண்டு. நுண்வடிப்புச் (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) சவ்வுகளின் துளைகள் சில நானோமீட்டர் முதல் ஏறத்தாழ நூறு நானோமீட்டர் வரை அகலமுடையவை. நீர்மூலக்கூறுகள் சூழ்ந்த உலோக அயனியோ ஒரு நானோமீட்டர்கூட இராது. வெறும் வடிப்பில் அது தடையின்றி நழுவிவிடும். எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) அதனைத் தடுக்கும் என்றாலும், அதற்கு மிகுந்த அழுத்தம் வேண்டும், மின்செலவும் கூடும். ஆகவே துளைகளைச் சுருக்குவதற்கு மாறாக, அவற்றின் சுவர்களில் உலோகத்தைக் கவரும் அமீன், கார்பாக்சில், தயோல் போன்ற வேதித்தொகுதிகளைப் பதிக்கிறார்கள். இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைட்டோசானின் அமீனில் உள்ள நைட்ரஜன், தன் தனித்த எலக்ட்ரான் இணையைச் செம்பு அயனியுடன் பகிர்ந்து அதனைப் பிணைத்துக்கொள்கிறது. நீர் மட்டும் கடந்து செல்கிறது.

ஈயம், பாதரசம் போன்ற ‘ஹெவி மெட்டல்’களைக் ‘கடின உலோகம்’ என்று எழுதும் வழக்கையும் கைவிட வேண்டும். ஈயத்தை நகத்தாலேயே கீறலாம், பாதரசமோ ஓடும். இங்கே பேசப்படுவது எடையே ஆதலால் கன உலோகம் என்பதே சரி. இலங்கையில் பார உலோகம் என்பர்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் பதனிடும் தொழிலில் மூவிணைதிற (+3) குரோமிய உப்பே பெரிதும் பயன்படுகிறது. அதனினும் நச்சு மிக்கது அறுவிணைதிற (+6) குரோமியம். நீர்நிலைகளில் விடப்படும் கழிவில் இது லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்திய விதி. குரோமேட்டாக, அதாவது எதிர்மின் அயனியாக இருப்பதால், அமிலநீரில் நேர்மின் ஏற்ற அமீன் இதனை ஈர்த்துக்கொள்ளும். செம்பின் கதை நேர்மாறானது: அமிலத்தில் அது விடுபட்டுவிடும்.

பரப்பு நிரம்பியபின் பற்றியதை இவ்வாறு விடுவிப்பதற்குப் ‘பரப்பு நீக்கம்’ என்று பெயர். செம்பு பிடித்த சவ்வை நீர்த்த அமிலத்தாலும், குரோமேட்டு பிடித்ததைக் காரத்தாலும் கழுவி மறுபடி பயன்படுத்துவர். கழுவிய நீரில் உலோகம் செறிந்திருக்குமாதலால், அதனைச் சாக்கடையில் விடாமல் தனியே மீட்டெடுக்க வேண்டும்.