திருடனை அடிக்கலாம், ஆனால் எதுவரை?

சட்ட விழிப்புணர்வு முகாம் எங்கே நடந்தாலும் ஒருவராவது எழுந்து கேட்டுவிடுவார்: "ராத்திரி வீட்டுக்குள்ள திருடன் பூந்துட்டான், அடிச்சதுல செத்துட்டான். நான் ஜெயிலுக்குப் போகணுமா சார்?" போக வேண்டியது இல்லாமலும் இருக்கலாம். எந்த நேரத்தில் விழுந்த அடி அவனைக் கொன்றது என்பதைப் பொறுத்தது அது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவைதான் இவை. பெரிய மாற்றம் இல்லை. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவற்றைத் தடுக்கும்போது எதிராளி இறந்துபோனாலும் அது குற்றமாகாது. சொத்தைக் காப்பதிலும், கொள்ளை, இரவில் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் ஆகியவற்றுக்கு இதே பாதுகாப்பு உண்டு. வெறும் திருட்டுக்குக் கிடையாது.

2012-ல் மதுரையில், மகளிடம் அத்துமீற முயன்ற கணவனை ஒரு தாய் அடித்துக் கொன்றார். தற்காப்பு உரிமையின் கீழ் காவல்துறை அவரை விடுவித்தது. இப்படி விசாரணைக் கட்டத்திலேயே விடுபடுவது அபூர்வம். பெரும்பாலானவர்கள் கைதாகி, ஜாமீனுக்கு அலைந்து, வருடக்கணக்கில் கோர்ட் படி ஏறிய பிறகுதான் விடுதலை ஆகிறார்கள்.

எங்களிடம் வரும் வழக்குகள் பெரும்பாலும் கடைசி அடியில்தான் சிக்குகின்றன. ஒரு வழக்கைச் சொல்கிறேன். பின்கதவை உடைத்து உள்ளே வந்தவனை வீட்டுக்காரர் கட்டையால் அடித்தார். அதுவரை சட்டம் முழுக்க அவர் பக்கம். அடிபட்டவன் எதையும் எடுக்காமல் தெருவுக்கு ஓடினான். இவர் துரத்திப் போய், தடுக்கி விழுந்தவனின் பின்மண்டையில் இன்னும் இரண்டு போட்டார். போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் சாவுக்குக் காரணமாக வந்தது அந்தப் பின்மண்டைக் காயம்தான். ஆபத்து நீங்கியதும் உரிமையும் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு விழுவது தண்டனை அடி. தண்டிக்கும் அதிகாரம் நம் யாருக்கும் இல்லை.

நல்லெண்ணத்தோடு, முன்திட்டம் இல்லாமல், தேவைக்கு மேல் காயப்படுத்தும் நோக்கமும் இல்லாமல் எல்லை மீறியிருந்தால் கொலை என்ற குற்றச்சாட்டு குறையும். அப்போதும் நியாய சன்ஹிதாவின் 105-வது பிரிவின் முதல் பகுதியில் ஆயுள் தண்டனை, அல்லது 5 முதல் 10 ஆண்டு சிறை.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் இருப்பதுபோல் இங்கேயும் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணெதிரே அரிவாளோடு நிற்பவனை எத்தனை அடி அடிக்கலாம் என்று யாரும் தராசு பிடித்துப் பார்க்க முடியாது என்பதை நம் உச்ச நீதிமன்றமே பலமுறை ஏற்றிருக்கிறது. தாக்கப்படுபவர் கோழை மாதிரி ஓட வேண்டும் என்றும் சட்டம் கேட்கவில்லை. முன்ஷி ராம் வழக்கில் 1967-லேயே, குற்றம் சாட்டப்பட்டவர் தன் வாயால் தற்காப்பு என்று சொல்லாவிட்டாலும் சாட்சியங்களில் அது தெரிந்தால் நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்று தீர்ப்பு வந்துவிட்டது. தற்காப்பை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கவும் தேவையில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். சட்டத்தில் இடம் தாராளமாகவே இருக்கிறது. கோட்டை விடுவது முதல் சில மணி நேரத்தில்.

அரிவாள் வெட்டைத் தடுத்ததில் முன்கையில் காயம் இருக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டால், கேஸுக்குப் பயந்து "கீழே விழுந்துட்டேன்" என்பார்கள். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். காப்பியில் அப்படியே பதிவாகிவிடும். பிறகு கோர்ட்டில் என்ன சொன்னாலும் அரசு வழக்கறிஞர் அந்தத் தாளைத்தான் நீட்டுவார். உண்மையில் உங்கள் உடம்பில் உள்ள காயம்தான் உங்களுக்குப் பெரிய சாட்சி. அது எப்படி வந்தது என்று அரசுத் தரப்பு விளக்காவிட்டால் அவர்கள் கதையே ஆட்டம் காணும். 1976-ல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது.

அதனால் அடிபட்டவனுக்கு உயிர் இருந்தால் முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள், அப்புறம் போலீஸை. இரத்தக்கறை பட்ட சட்டையைத் துவைக்காதீர்கள், உடைந்த தாழ்ப்பாளைச் சரிசெய்யாதீர்கள். யார் எதனால் தாக்கினார்கள் என்று டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். எதிர்த்தரப்பு புகார் கொடுத்தால் நீங்களும் தனியாகப் புகார் கொடுங்கள். ஒரே சம்பவத்துக்கு இரு தரப்பும் புகார் கொடுக்கும் கேஸ் இன் கவுண்டர் என்றால் இரண்டையும் விசாரித்தாக வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.