90 நிமிடத் துடிப்பு

“நாலு மாசத்துல 13 கிலோ குறைச்சிருக்கேன். பார்க்கிறவங்க எல்லாம் பாராட்டுறாங்க. ஆனா மூணு மாசமா பீரியட்ஸ் வரலை. கர்ப்பம் இல்லைன்னு டெஸ்ட் பண்ணிப் பார்த்தாச்சு. வராத ரத்தமெல்லாம் உள்ளேயே தேங்கிக் கெட்டுப்போகும்னு சொல்றாங்களே, நிஜமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. மாதவிடாய் ரத்தம் ஏதோ தொட்டியில் சேர்ந்து மாதம் ஒருமுறை திறந்துவிடப்படும் கழிவு கிடையாது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரந்தால் கருப்பையின் உட்சுவர் தடிக்கும். கரு தங்காவிட்டால் அந்தத் தடிப்பு உதிரும். ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு இல்லை என்றால் தடிப்பும் இல்லை, உதிர்வதற்கும் ஒன்றும் இல்லை. (பிறவியிலேயே பாதை அடைபட்டிருக்கும் அரிய குறை வேறு கதை.) தேங்கிய ரத்தம் உடலைக் கெடுக்கும் என்ற பயம் பண்டைய கிரேக்க மருத்துவர்களுக்கும் இருந்தது. அவர்களிடம் நுண்ணோக்கி இல்லை, மன்னித்துவிடலாம். அதையே இன்றைக்கு வாட்ஸப்பில் ஃபார்வர்டு செய்கிறவர்களை மன்னிக்கத்தான் எனக்கு மனம் வருவதில்லை.

சரி, ஈஸ்ட்ரோஜன் ஏன் குறைந்தது? இதற்குப் பள்ளிப் பாடத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை அனுப்பும். அது கிடைத்ததும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன்கள் இரண்டையும் ரத்தத்தில் விடும். அவை சினைப்பையைத் தூண்ட, முட்டை முதிரும், ஈஸ்ட்ரோஜன் வரும். பாடப்புத்தகத்தில் மேலிருந்து கீழே சில அம்புக்குறிகள், அதோடு முடிந்தது. அந்தப் படம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: நேரம்.

அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் நோபில் என்பவரின் குழு 1978இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பளிக்கும். ரீசஸ் குரங்குகளின் மூளையில் ஜி.என்.ஆர்.எச். உருவாகும் வழியைச் சேதப்படுத்திவிட்டு, அந்த ஹார்மோனை வெளியிலிருந்து செலுத்திப் பார்த்தார்கள். இடைவிடாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றியபோது எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் படுத்துவிட்டன. அதே ஹார்மோனை மணிக்கு ஒருமுறை, 6 நிமிடம் மட்டும் கொடுத்தபோது பிட்யூட்டரி எழுந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கியது. ஓயாமல் கதவைத் தட்டினால் காதில் வாங்காது, விட்டுவிட்டுத் தட்டினால்தான் திறக்கும்! பெண்களின் உடலில் மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் பாதியில் இந்தத் துடிப்பு ஏறக்குறைய 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒன்று. முட்டை வெளிவந்த பின் இடைவெளி சில மணி நேரமாக நீளும். துடிப்பு நின்றுபோன பெண்கள் சிலருக்கு, 90 நிமிடத்துக்கு ஒருமுறை ஜி.என்.ஆர்.எச். செலுத்தும் சின்ன பம்பைப் பொருத்தியே சினைப்பையை இயங்க வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தாளத்தைப் போடுவது யார்? ஹைப்போதலாமஸில் இருக்கும் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம். ஒவ்வொரு அணுவும் மூன்று பொருட்களை வைத்திருக்கிறது. நியூரோகைனின் பி, கூட்டத்தில் உள்ள மற்ற அணுக்களையும் கிளப்பிவிடும். டைனார்ஃபின், சற்று நேரத்தில் எல்லோரையும் அடக்கிவிடும். ஒன்று கிளப்ப, ஒன்று அடக்க, மறுபடி கிளப்ப என்று ஒரு துடிப்பு பிறக்கிறது. மூன்றாவதான கிஸ்பெப்டின்தான் அந்தத் துடிப்பை ஜி.என்.ஆர்.எச். அணுக்களுக்குக் கொண்டுபோகும். கடிகாரத்துக்குத் தேவையான எல்லாமே ஒரே அணுவுக்குள்! பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து இவற்றுக்கு ‘கேண்டி’ நரம்பணுக்கள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கிஸ்பெப்டினின் மரபணுவை 1996இல் கண்டுபிடித்தவர்கள் மாதவிடாயைப் பற்றி யோசிக்கவே இல்லை. தோல் புற்றுநோய் பரவுவதை எது தடுக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஆய்வகம் இருந்த ஊர் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி. அந்த ஊரின் புகழ்பெற்ற ‘கிஸ்ஸஸ்’ சாக்லேட்டின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். இந்தப் புரதம் கொண்டுவரும் சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பழுதானால் பருவமடைவதே நிகழ்வதில்லை என்று 2003இல்தான் தெரிந்தது. “இதனால் என்ன பயன், இரண்டே பக்கத்தில் எழுதிக் கொடு” என்று கேட்டுவிட்டுத்தான் ஆய்வுக்குப் பணம் தருவோம் என்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்ல ஆசை. 1996இல் அந்த இரண்டு பக்கத்தை யார் எழுதியிருக்க முடியும்?

இப்போது எடைக்கு வருவோம். உடலில் கொழுப்பு குறைந்தது மூளைக்கு எப்படித் தெரியும்? கொழுப்பணுக்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன (1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவின் கண்டுபிடிப்பு). கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குப் போகும் சேதி அது. ஆனால் சாப்பாடு குறைந்த சில நாட்களிலேயே, கொழுப்பு கரைவதைவிட வெகு வேகமாக லெப்டின் இறங்கிவிடும். ஜி.என்.ஆர்.எச். அணுக்களில் லெப்டினுக்கான ஏற்பி இல்லை. சேதி வேறு நரம்பணுக்கள் வழியாகச் சுற்றித்தான் வந்து சேர்கிறது. இன்சுலின் இறங்குவதும், மன அழுத்தத்தின் ஹார்மோனான கார்டிசால் ஏறுவதும் கூடவே போய்ச் சேரும். எல்லாம் சேர்ந்து துடிப்பை மெதுவாக்குகின்றன. 90 நிமிடம் மூன்று மணி நேரமாகிறது, பிறகு இன்னும் நீள்கிறது. சினைப்பையில் கோளாறு எதுவும் இல்லை. மேலேயிருந்து அழைப்பு வரவில்லை, அவ்வளவுதான். 2004இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இப்படி மாதவிடாய் நின்ற 8 பெண்களுக்கு லெப்டினை ஊசியாகப் போட்டார்கள். எடை கூடாமலேயே துடிப்பு வேகமெடுத்தது. மூவருக்கு முட்டை வெளிவந்தது.

இத்தனை கிலோவுக்குக் கீழே போனால் நிற்கும் என்று ஒரு கோடு போட முடியுமா? 1974இல் ரோஸ் ஃப்ரிஷ் என்ற ஆய்வாளர் முயன்றார்: மாதவிடாய் ஒழுங்காக வர உடல் எடையில் 22 சதவீதம் கொழுப்பு வேண்டும் என்றார். அழகான எண், ஆனால் நிலைக்கவில்லை. அதைவிட ஒல்லியான பலருக்கு ஒழுங்காக வருகிறது, பருமனான சிலருக்கு நின்றுபோகிறது. ஆன் லௌக்ஸ் என்ற இன்னொரு ஆய்வாளர் வேறு கேள்வி கேட்டார். சாப்பிட்டதில் உடற்பயிற்சிக்குப் போனது போக, உடலின் அன்றாட வேலைக்கு மிஞ்சுவது எவ்வளவு? ஆரோக்கியமான இளம்பெண்களுக்கு இந்த மிச்சத்தை அளந்து குறைத்தபோது, கொழுப்பு நீங்கலான எடையில் கிலோவுக்குச் சுமார் 30 கிலோகலோரிக்குக் கீழே போனதும் எல்.எச். துடிப்பு தடுமாறியது. எத்தனை நாளில் தெரியுமா? ஐந்தே நாளில். கொழுப்பு அதற்குள் பெரிதாகக் கரைந்திருக்காது. கையிருப்போடு தினசரி வரவையும் மூளை எண்ணிக்கொண்டே இருக்கிறது!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 55 கிலோ எடை, அதில் கால்பங்கு கொழுப்பு என்றால் மிச்சம் 41 கிலோ. ஒரு நாளைக்கு 1,400 கிலோகலோரி சாப்பிட்டு, ஓட்டத்தில் 400 செலவழித்தால் மிஞ்சுவது 1,000. கிலோவுக்கு 24தான் வருகிறது. 30 என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொருந்தும் கோடு இல்லை. அதற்குக் கீழேயும் சிலருக்குத் தடையின்றி வரும், அதற்கு மேலேயே சிலருக்குத் தடுமாறும். ஆனாலும் “நான் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லையே” என்பவர்கள் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

உடலின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு கர்ப்பத்தைத் தாங்க மொத்தம் 77,000 கிலோகலோரி அளவுக்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும். வரவு குறைந்த காலத்தில் அந்தச் செலவை மூளை தள்ளிவைக்கிறது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் ஏராளமான பெண்களுக்கு மாதவிடாய் நின்றது. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புகள் மளமளவெனக் குறைந்தன.

நல்ல ஏற்பாடுதானே, அப்படியே விட்டுவிடலாமே என்று நினைக்க வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாதங்களில் எலும்பு தேய்கிறது. இளவயதில் சேர வேண்டிய எலும்பு சேராமல் போனால் பின்னால் முழுதாக ஈடுகட்டுவது கடினம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் மாதாமாதம் ரத்தம் வரும்தான். அது மாத்திரையை நிறுத்தும் நாட்களில் வரும் உதிர்வு. மூளையின் துடிப்பு திரும்பியதற்கு அடையாளம் இல்லை. இந்த நிலையில் மாதவிடாயை வரவழைக்கவும் எலும்பைக் காக்கவும் மட்டும் மாத்திரை வேண்டாம் என்று 2017இன் சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது.

நேர் எதிரான அனுபவமும் உண்டு. அதிக எடையோடு பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) உள்ளவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் எடை குறைந்தாலே நின்றிருந்த மாதவிடாய் திரும்புவது வழக்கம். அங்கே சிக்கல் கூடுதல் இன்சுலினும் ஆண் ஹார்மோன்களும். எடை குறைய அவையும் தணிகின்றன. ஆகவே எடை குறைப்பு நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்டால், யாருக்கு, எவ்வளவு வேகத்தில் என்று திருப்பிக் கேட்பேன்.

வாசகிக்கு: ஒழுங்காக வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. தைராய்டு, பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டின் போன்ற வேறு காரணங்களை அவர் பரிசோதித்து விலக்க வேண்டும். எடை குறைந்ததுதான் காரணம் என்று உறுதியானால், சாப்பாட்டைக் கூட்டுவதும் பயிற்சியைக் குறைப்பதும்தான் மருந்து. திரும்ப சில மாதங்கள் ஆகலாம். இன்னொன்று. துடிப்பு திரும்பும்போது முதலில் நடப்பது முட்டை வெளிவருவது. ரத்தம் அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். பீரியட்ஸ் வரவில்லையே, கர்ப்பம் தரிக்காது என்று நம்பியிருந்தால், அந்த இரண்டு வார இடைவெளியில் கணக்கு தப்பிவிடும்.